யன்னல் விளிம்பில் ஐஸ்

சுவிஸ் மலையூரான டாவோஸில், ஹோட்டல் சமையலறைக்குப் பின்னால் நாங்கள் இளைப்பாறும் சின்ன அறை. மத்தியான வேலை முடிந்து, வெயில் மேசைவரை வந்து கிடக்கிறது. என்னோடு வேலை செய்யும் பிலிப்பைன்ஸ்காரி மரிசெல், உயரமான கிளாசில் அவித்த சிவப்பு பீன்ஸையும் சீனிப்பாகில் ஊறிய வாழைப்பழத்தையும் அடுக்குகிறாள். போனில் அவளுடைய பள்ளிக்கூடக் காலத்துக் காதல் பாட்டு ஒன்று ஓடுகிறது. அவளும் கூடவே பாடுகிறாள். யன்னலைத் திறந்து, விளிம்பில் விழுந்திருக்கும் புதுப் பனியைக் கரண்டியால் வழித்துக் கிளாஸ் நிறையப் போட்டு, மேலே டின்பால் ஊற்றி நீட்டுகிறாள். பதினெட்டு வருசமாக இந்தப் பனிச் சனியனை ஹோட்டல் வாசலில் இருந்து அள்ளிக் கொட்டுகிறேன். ஒருநாளும் வாயில் வைத்ததில்லை. மேலாக ஒரு கரண்டி எடுக்கிறேன். “ஐயோ அண்ணை, அடியில இருந்து குழைச்சுச் சாப்பிடுங்கோ!” நாங்கள் கதைப்பது ஜெர்மன், ‘அண்ணை’ மட்டும் இங்கே வேலை செய்யும் எங்கட தமிழ் ஆட்களிடம் அவள் பிடித்துக்கொண்ட சொல். குழைக்கிறேன். பல் கூசுகிறது, ஆனால் நல்லாயிருக்கிறது. “சின்னனில எங்கட ஊரில இதுக்கு வெயிலுக்குள்ள வரிசையில நிப்பம். என்ர முறை வரேக்க ஐஸ் முடிஞ்சிடும்,” என்று சிரித்தபடி மறுபடி யன்னலைத் திறக்கிறாள். வெளியே மலை முழுக்க வெள்ளை. “காணும் மரிசெல், காணும்,” என்று தடுக்கிறேன். பாடிக்கொண்டே அள்ளி அள்ளிப் போடுகிறாள்.