அன்புத் தந்தையும்

வெள்ளவத்தையில் மொழிபெயர்ப்பாளர் நாகேந்திரத்தின் மேசையில் எண்பத்தோராம் ஆண்டுப் பத்திரிகையின் பிரதி விசிறிக் காற்றில் படபடக்கிறது. பாலேஸ்வரி, கொழும்பில் தங்குவதற்கு எடுத்த பொலிஸ் பதிவுத் துண்டை அதன்மேல் வைத்து அழுத்துகிறாள். ஊரில் பிறப்புப் பதிவேடு ஷெல்லடியில் எரிந்துபோனது. கனடாத் தமையனுக்கு அவள் தங்கைதான் என்று விசாவுக்குக் காட்ட, அப்பாவின் மரண அறிவித்தல்தான் மிச்சம். “பிள்ளையளின்ரை பேரெல்லாம் கிடக்கும், பயப்பிடாதையும்,” என்கிறார் அவர். விரல் கதிர்காமநாதன், சரோஜினிதேவி என்று நகர்ந்து, ‘ஆகியோரின் அன்புத் தந்தையும்’ என்பதில் நிற்கிறது. மறுபடி முதலிலிருந்து வருகிறது. வெளியே கடற்கரை ரயில் போக, யன்னல் கண்ணாடி அதிர்கிறது. “உம்மடை பேரைக் காணேல்லையே, பிள்ளை.” “நான் கொட்டாஞ்சேனை வேதக்காரரைச் சேர்ச்சிலை கலியாணம் முடிச்ச வருசம் அது.” “அறிவித்தல் குடுத்தது ஆர்?” அவள் பதிவுத் துண்டை எடுத்து நாலாக மடிக்கிறாள். “இப்ப என்னைக் கூப்பிடுற அண்ணன்தான்.”