அம்மாவின் காய்ச்சல்

அகரன் அம்மாவின் தலைமுடியைப் பிடித்து, அவள் தலையைச் சுவரில் மோதினான். அவள் கத்தவில்லை. சத்தம் கேட்டுப் போலீஸ் வந்தாலும், அவன் மணிக்கட்டில் இருக்கும் பச்சை முத்திரையைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடும். வயிற்றில் இருக்கும்போதே தாயின் ஃப்ளூ காய்ச்சல் தாக்கிய பிள்ளைகளுக்குப் பிறந்தவுடன் குத்துகிற முத்திரை அது. அவர்கள் யாரை அடித்தாலும் வழக்குக் கிடையாது. மூளை அப்படி வளர்ந்துவிட்டதாம், அவர்கள் பொறுப்பில்லையாம்.

"நான் அடிக்கலம்மா, உன்ற காய்ச்சல்தான் அடிக்குது," என்றான். எப்போதும் இதைத்தான் சொல்வான்.

அம்மாவும் அதை நம்பினாள். "மாசமா இருக்கறப்போ காய்ச்சலோட பனியன் கம்பெனிக்குப் போனது நாந்தானே. விட்டுரு கண்ணு," என்று உதட்டு ரத்தத்தைத் துடைத்தபடி, அடுப்படியில் நின்ற என்னிடம் சொன்னாள்.

நான் விடவில்லை. அடுப்பில் காய்ந்துகொண்டிருந்த தோசைக்கல்லைக் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கி அவன் வலது கையில் இறக்கினேன். எலும்பு முறிந்த சத்தம் கேட்டது. தோல் கல்லோடு ஒட்டிக்கொண்டு வந்தது.

"போலீஸைக் கூப்பிடும்மா! இவளைப் பிடிச்சு உள்ள போடச் சொல்லு!" தரையில் புரண்டு அலறினான்.

நானும் அவனும் இரட்டைப் பிள்ளைகள். இன்று வரை நான் யார்மேலும் கை வைத்ததில்லை. சட்டைக் கையை மடித்துவிட்டு, என் மணிக்கட்டில் இருந்த பச்சை முத்திரையை அவன் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"கூப்பிடுடா. நான் அடிக்கல. அம்மாவோட காய்ச்சல்தான் அடிச்சுது."