பெரிய பெட்டி, சின்னப் பெட்டி

“பன்னண்டு கிலோ அந்தப் பொட்டி. நீ தூக்கிக்கிட்டு லயத்துக்கு லயம் ஏறி எறங்கு பாப்போம்.”

“தூக்கறேன். கொழுந்துக் கூடை சுமந்த முதுகுதானே இது.”

புருஷனும் பெண்டாட்டியும் ஆபீசுக்குள் நின்று சண்டை போட்டால் டைப் அடிக்க ஓடுமா? ரோஸ்மேரி விரல்களுக்கு ஓய்வு கொடுத்துவிட்டுக் காதுகளை வேலைக்கு விட்டாள். குன்னூரில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் இருந்த தாயகம் திரும்பியோர் உதவிச் சங்கத்துக்கு அவள்தான் டைப்பிஸ்ட். ஊர்ச் செய்திக்கும் அவள்தான்.

இலங்கையிலிருந்து வந்த கப்பல் நின்றுபோன 1984ஆம் வருஷம் அது. தூக்கிக்கொண்டு போகக்கூடிய கம்ப்யூட்டர் இரண்டைக் கோயமுத்தூர்க் கடையிலிருந்து ஒரு மாதம் பார்க்கக் கொடுத்திருந்தார்கள். ஒன்றை வாங்கிக்கொண்டு மற்றதைத் திங்கட்கிழமை திருப்ப வேண்டும். எது வேண்டும் என்பதற்கு, தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில் லயம் லயமாகப் போய்க் குடும்ப விவரம் எழுதிவரும் பொன்னுத்துரையின் வாயைத்தான் செயலாளர் தேவநேசன் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏனுங்க பொன்னுத்துரை, கொஞ்சம் நிதானமாச் சொல்லுங்க.”

“நிதானமாவே சொல்றேங்க. பெரிசு தையல் மெஷின் பொட்டி கணக்கா இருக்கு. கரண்டு போனா பொணம். எமரால்டு ஊருப் பக்கத்து லயத்துல என்னைக்குக் கரண்டு இருந்திருக்கு? தெரையும் போஸ்ட்கார்டு அகலந்தான். ஒருத்தர் பாத்தா அடுத்தவருக்குத் தெரியாது.”

இந்தக் கடைசிக் குறை ரோஸ்மேரிக்கும் இருந்தது.

“சின்னது பையில அடங்கும். பேட்டரியில நாள் முச்சூடும் ஓடும். எழுதினதை அங்கனயே பஸ் டிக்கெட் மாதிரி அடிச்சுக் கையில குடுக்கும். அது போதுங்க.”

“அதுல நாலு வரிதான் தெரியும் அண்ணே,” என்றாள் ரோஸ்மேரி. “ஒரு பேரைத் தேடணும்னா கேசட்டைச் சுத்திக்கிட்டே உக்காரணும். பெரிசுல பிளாப்பியைப் போட்டா அஞ்சு நிமிஷம். தமிழ்தான் ரெண்டுக்கும் தெரியாது.”

பொன்னுத்துரையின் பெண்டாட்டி வீரம்மாவை மலையேறி வரவைத்தது அந்த அஞ்சு நிமிஷம்தான். மண்டபம் முகாமில் இறங்கி, பிரிந்துபோன சொந்தத்தைத் தேடி மனுக் கொடுத்தவர்களின் பட்டியலை மூன்று வாரமாக ரோஸ்மேரி பெரிய பெட்டியில் ஏற்றியிருந்தாள். வீரம்மாவுக்கு முந்திய கப்பலில் வந்த தம்பி காத்தமுத்து எந்த மலையில் இருக்கிறான் என்று பதிமூன்று வருஷமாகத் தெரியாது. காகிதக் கட்டுகளில் தேடியாச்சு, இல்லை என்றே பொன்னுத்துரை இதுவரை சொல்லிவந்தார்.

“திங்கக்கெழமை அந்தப் பொட்டி போயிட்டா என் தம்பியும் போயிட்டான்,” என்றாள் வீரம்மா. “ஒரு தடவை தேடச் சொல்லுங்க.”

“தேடி?”

“கெடைச்சா வருவான்.”

“அவன் வந்தா நீ போயிருவ.”

பொன்னுத்துரையின் குரல் சட்டென்று இறங்கிவிட்டது. ஒரு வர்க்கி ரொட்டியை நாலு தடவை டீயில் நனைத்துத் தின்கிற மனுஷன். மச்சினன் வந்தால் சோறு போட வேண்டுமே என்ற பயம்தான் என்று ரோஸ்மேரி தீர்ப்பு எழுதிவிட்டாள்.

வீரம்மா அழவில்லை. “இத்தனை வருசம் போகாதவ இப்பவா போகப்போறேன்? எனக்குன்னு கூடப் பொறந்தது அவன் ஒருத்தன். நான் உசுரோட இருக்கேன்னு அவனுக்குத் தெரியணும். அப்புறம் என்ன ஆனாலும் ஆகட்டும்.”

பொன்னுத்துரை பெரிய பெட்டியை இரண்டு கையாலும் தூக்கி, பிளக் இருந்த மேஜையில் கொண்டுபோய் வைத்தார்.

“தேடு பாப்பா.”

ரோஸ்மேரி தகப்பன் பெயரையும் பழைய தோட்டத்தின் பெயரையும் அடித்தாள். பெட்டி கரகரவென்று கொஞ்சம் யோசித்தது. திரையில் வந்ததை அவள் உரக்கப் படித்தாள்:

“காத்தமுத்து. இப்ப இருக்கிறது கூடலூர். தேடுறது அக்கா வீரம்மா, மச்சான் பொன்னுத்துரை.”

வீரம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பொன்னுத்துரை படியிறங்கிப் போய்விட்டார்.

கடிதம் போன மூன்றாம் நாள், கூடலூர் பஸ்ஸில் காத்தமுத்து வந்தான். அக்காளும் தம்பியும் கட்டிக்கொண்டு அழுது முடித்ததும், கண்டுபிடித்துக் கொடுத்த பெருமையில் தேவநேசன் பொன்னுத்துரையை முன்னால் தள்ளிவிட்டார். “மச்சானைப் பாருங்க.”

காத்தமுத்து பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். வீரம்மாவின் கை அவன் மணிக்கட்டை இறுக்கியது.

“மச்சான்... ரொம்ப மெலிஞ்சு போயிட்டாரு,” என்றான் கடைசியில்.

“பதிமூணு வருஷம் ஆச்சுங்களே,” என்றார் தேவநேசன்.

ஒரு கைகலப்பாவது நடக்கும் என்று காத்திருந்த ரோஸ்மேரிக்கு ஏமாற்றம்.

பெரிய பெட்டி சங்கத்திலேயே தங்கியது. சின்னதை எடுத்துப்போக வந்த கோயமுத்தூர் மெக்கானிக் தனசிங், அடுத்த ஆனியில் ரோஸ்மேரியையும் எடுத்துப்போனான். பொன்னுத்துரை வேலை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வீரம்மாவோடு கூடலூருக்கே போய்விட்டார்.

ரோஸ்மேரியின் கல்யாணத்துக்கு முந்திய தை மாதம் சங்கத்துக்கு ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது. மணமகள் வீரம்மா, மணமகன் இசக்கிமுத்து. “பாவி, அண்ணன் சொன்னபடியே புருஷனை விட்டுட்டாளே” என்று ரோஸ்மேரி முதல் பஸ்ஸைப் பிடித்து ஓடினாள்.

மணவறையில் வீரம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், பாஸ்போர்ட் போட்டோவில் இருந்தவனைப் போலத் தெரிவதற்காக வளர்த்த மீசையை எடுத்துவிட்ட அதே பொன்னுத்துரை. கப்பலேற ஒரு வாரம் இருக்கையில் காய்ச்சலில் செத்துப்போன அவளுடைய நிஜப் புருஷன் பொன்னுத்துரையின் பெயரில் அவளைக் கரைசேர்த்து, பதிமூன்று வருஷம் முன்னறையில் தனியாகப் படுத்த பக்கத்து லயத்து இசக்கிமுத்துவுக்கு, காத்தமுத்து இப்போதுதான் தன் அக்காளைத் தாரைவார்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தான்.