காக்காக் கடி

வானத்திலிருந்து இறங்கியவை ஊராரை ஒவ்வொருவராகத் தின்று, தின்றவரின் உருவத்திலேயே வீடு திரும்பிக்கொண்டிருந்தன. அதனால், ஒன்றாம் வகுப்பிலிருந்து எங்களோடு திரிந்த லூர்து கதவைத் தட்டியபோதும் தவமணி கடப்பாரையை எடுத்துக்கொண்டாள். நான் ஜன்னல் கம்பி வழியாக ஒரு கமர்கட்டை நீட்டினேன்.

“காக்காக் கடி கடிச்சுக் குடுடா, பாப்போம்.”

பள்ளிக்கூடத்தில் செய்வதுபோலவே சட்டை நுனியில் பொதிந்து கடித்தான். அதே பல்லிடுக்கு, அதே சிரிப்பு. பிறகு பெரிய துண்டை என்னிடம் நீட்டினான்.

“நீ தின்னுடி.”

லூர்து ஒருநாளும் பெரிய துண்டை யாருக்கும் விட்டுக்கொடுத்தவனில்லை.

தவமணி கடப்பாரையைத் தாழ்த்திவிட்டாள். நான் துண்டை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டேன்.

“கடப்பாரைய எங்கிட்ட குடுத்துட்டு, நீ போய்க் கதவத் தொற.”