வீண் சத்தம்

"காதை நல்லா வச்சுக் கேளுங்க சார். ஏதாவது சத்தம் வருதா?"

சோதனை மேடையில் சுழன்றுகொண்டிருந்த பேட்டரி கார் மோட்டாரின் பக்கத்தில் குனிந்தார் இன்ஜினீயர். ஊஹூம். இத்தனை நாளாய்ப் பிராணனை வாங்கிய கீச்சுச் சத்தம் போன இடம் தெரியவில்லை.

"சூடு?"

"தொட்டுப் பாருங்க, பச்சைத் தண்ணி மாதிரி இருக்கு!" கூட வேலை பார்க்கும் ஒல்லி மனிதர் துள்ளினார். "தேவைக்கு மேல கரண்டைக் கொட்டினோம், அது சூடாவும் சத்தமாவும் வீணாப் போச்சு. இப்போ உங்க புரோகிராம் ஒவ்வொரு வேகத்துக்கும் அளந்து கொடுக்குது. அதே சார்ஜ்ல கார் இன்னும் தூரம் ஓடும். மேனேஜர் வாயை அடைச்சிட்டீங்க சார்!"

இந்த வேலையையே மூட்டை கட்டச் சொன்னவர் அந்த மேனேஜர். இன்ஜினீயருக்குத் தலைகால் புரியவில்லை. தினமும் ஓட்டிப் பார்க்கவென்று கம்பெனி கொடுத்திருந்த காரிலும் அதே புரோகிராமை ஏற்றினார்.

"வீட்டுக்கு போன் போட்டுச் சொல்லலையா சார்?"

"மூச்சு விட மாட்டேன். தினமும் நான் ஹாரன் அடிக்கறதுக்குள்ள கேட்டைத் திறந்துட்டு, 'நாலு வீடு தள்ளி வரும்போதே தெரிஞ்சிடுச்சு'ன்னு பீத்திக்குவா. இன்னிக்கு அம்மணி ஏமாறப் போறாங்க!"

மாலை வெயிலில் தெருவுக்குள் கார் வழுக்கிக்கொண்டு போனது. சுவரோரம் படுத்திருந்த பூனைகூடத் திரும்பவில்லை. அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

வீட்டு கேட் திறந்தே கிடந்தது. 'சே, இன்னிக்கும் அவளே ஜெயிச்சிட்டா!'

மனைவி உள்பாதையின் நடுவில், தெருப்பக்கம் பார்த்தபடி நின்றிருந்தாள். முகத்தில் அதே சிரிப்பு. எப்போதும்போல ஒதுங்கிக்கொள்வாள் என்று காரை உள்ளே திருப்பினார்.

அவள் ஒதுங்கவில்லை. இன்னும் ஓர் அடி முன்னால் வந்தாள்.

பிரேக்கை அழுத்தி மிதித்தார். கீழே ஏதோ படக்கென்று முறிந்தது. கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினார்.

"ஐயோ, உனக்கு ஒண்ணும் ஆகலையே?"

"யாரு... நீங்களா?" அவள் குரல் நடுங்கியது. "கார் எங்கேங்க? நடந்தா வந்தீங்க?"

ஒரு சாண் தள்ளி நின்ற காரை அவள் கை காற்றில் துழாவிக்கொண்டிருக்க, முன் சக்கரத்தடியில் இரண்டாக உடைந்து கிடந்தது அவளுடைய வெள்ளைக் கைத்தடி.