ஆற்றின் வளைவு

“நிறுத்து டானி! யாரைக் கேட்டு இந்த ஆத்தைப் போடுறே?”

போஸம் என்ற ஆஸ்திரேலிய மரவிலங்கின் தோல் மேல் ஓடிக்கொண்டிருந்த சூட்டுக்கோல் நின்றது. நாத்தனார் ரொவீனா அதட்டினால் நிற்காத கை அந்த ஊரில் கிடையாது. தோல்களைத் தைத்துப் போர்வையாக்கி அதில் சுட்டுச் சித்திரம் போடக் கற்க வந்திருந்த பெண்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“முர்ரே எங்க ஆறு. நீ கடலோரத்துக்காரி. அவங்கவங்க மண்ணைத்தான் அவங்கவங்க போர்வையில சுடணும். என் தம்பியைக் கட்டிக்கிட்டா ஆறும் உனக்குச் சொந்தமாயிடுமா?”

“ஆகாது அண்ணி. என் போர்வையில திமிங்கிலம்தான் இருக்கு.”

“அப்ப இது யாருக்கு?”

டானி தூக்கிக் காட்டினாள். ஒரே ஒரு தோல்தான்.

“இப்போதைக்கு இது போதும். ஆள் வளர வளர, வருஷத்துக்கு ஒரு தோல் சேர்த்துத் தைச்சுக்கலாம்.” வயிற்றைத் தொட்டுக்கொண்டாள். “உங்க தம்பி பிள்ளைக்கு எந்த ஆறு அண்ணி?”

ரொவீனா கண்ணைத் துடைத்துக்கொண்டு சூட்டுக்கோலைப் பிடுங்கினாள்.

“தள்ளு. வளைவைப் பாரு, பயந்து பயந்து போட்டிருக்கே! நம்ம ஆறு இன்னும் திமிரா வளையும்!”