மெக்சிகோவுக்கு ஒரு பெட்டி

"கல்யாணமாகி ரெண்டு மாசம்கூட ஆகல. புருசனை விட்டுட்டு மெக்சிகோ கடற்கரைக்குத் தனியா போவாளாம்! பழங்காநத்தமே சிரிக்கப் போகுது!" வாசலை மறித்துக்கொண்டு கத்தினாள் செல்லத்தாய்.

மருமகள் நாகஜோதி பெட்டியைப் பூட்டினாள். "ரெண்டு பேருக்கும்தான் ரிசார்ட் புக் பண்ணியிருந்தேன், அத்தை."

"அப்ப அவனை விட்டுட்டுப் போக எப்படி மனசு வருது உனக்கு?"

நாகஜோதிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஆடி பொறந்துருச்சு, புதுசா கட்டுனவங்க ஒண்ணா இருக்கக் கூடாது, ஒரு மாசம் என் மகன் கண்ணுல படாம இருன்னு நேத்து சொன்னது யாரு?"

"உசிலம்பட்டிக்கு, உங்காத்தா வீட்டுக்குத்தான போகச் சொன்னேன்!"

"அங்க இருந்தா உங்க மகன் டவுன் பஸ் ஏறி வந்துருவாரு, அத்தை. மெக்சிகோவுக்கு பஸ் கிடையாதுல்ல?"